சாயம்தான் என்று சொன்னவன்

அந்த வீட்டில் எதைத் தொட்டாலும் நீலம். கதவுப் பிடி நீலம், தண்ணீர்க் குவளையின் விளிம்பு நீலம், மகளின் கணக்கு நோட்டில் அப்பா கையெழுத்துப் போட்ட பக்கத்தின் மூலையில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு நீலம். வாத்தியார் அதைப் பார்த்துவிட்டு, “உங்க அப்பா என்ன, கையெழுத்தும் போட்டு கைநாட்டும் வைக்கிறாரா?” என்று கேட்டாராம். மகள் வந்து சொன்னதும் புருஷனும் பொண்டாட்டியும் ஒரு வாரத்துக்கு அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

வண்ணமீன் வளர்க்கிற வீடு வேறு எப்படி இருக்கும்? வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. அதற்குள் இரும்புச் சட்டங்களில் மூன்று அடுக்காக அறுபது கண்ணாடித் தொட்டிகள். தெருவில் அவனுக்குக் ‘கலர்’ என்று பட்டப்பெயர். கலர் மீன்காரர் என்று ஆரம்பித்ததை நாளடைவில் சோம்பேறித்தனத்தில் சுருக்கிவிட்டார்கள். அவனும் கூப்பிட்ட குரலுக்குத் திரும்பிப் பார்க்கிற ஆள்தான். எதற்கெடுத்தாலும் ஒரு கிண்டல் தயாராக வைத்திருப்பான். சாவு வீட்டில்கூட நாலு பேரை மூலைக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சிரிக்க வைத்துவிடுவான் என்று மனைவியின் அக்காவுக்கு அவன்மேல் ஒரு வருத்தம் உண்டு.

அவர்கள் வளர்த்தது ஏஞ்சல் மீன். பெயர்தான் ஏஞ்சல். வைத்த முட்டையைத் தானே தின்றுவிடும். அதனால் முட்டையிடத் தொட்டிக்குள் நிறுத்திய சின்னப் பலகையில் முட்டை ஒட்டியதும் அதை உடனே எடுத்துத் தனித் தொட்டியில் வைத்து, பூஞ்சை பிடிக்காமல் இருக்கத் தண்ணீரில் நீலம் விட வேண்டும். மெத்திலீன் ப்ளூ என்பது அதன் முழுப்பெயர். தொழிலில் இருப்பவர்களுக்கு வெறும் நீலம். மருந்து விற்கிறவர் ஒருமுறை அதன் உள்கட்டமைப்பைக் காகிதத்தில் வரைந்து காட்டினார்: ஒன்றோடொன்று ஒட்டிய மூன்று வளையங்கள், நடு வளையத்தின் ஓரத்தில் ஒரு கந்தகம். “இந்தக் கந்தகம் நடுவுல உக்காந்திருக்கிறதாலதான் இதுக்கு இத்தனை குணம். துணிக்குச் சாயம், மீனுக்கு மருந்து, ஒரு காலத்துல மலேரியாவுக்கே இதைத்தான் குடுத்தாங்க” என்றார். “கந்தகம்னா தீக்குச்சில இருக்கறதுதானே? பாத்து, என் மீன் பத்திக்கப் போகுது” என்றான் அவன். காகிதத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வந்தவன் அதை எங்கே வைத்தான் என்று பிறகு தேடவேயில்லை.

கை நீலமாவது எல்லோருக்கும் நடப்பது. அவன் மனைவிக்கு வாயும் நீலம். அதற்கு ஒரு காரணம் இருந்தது. குஞ்சு பொரித்து நீந்த ஆரம்பித்ததும் அந்த நீலத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றிப் புதுத் தண்ணீர் விட வேண்டும். மோட்டார் வைத்தால் ஊசிமுனை அளவுக் குஞ்சுகளை எல்லாம் உறிஞ்சிக்கொண்டு போய்விடும். மெல்லிய டியூபை உள்ளே விட்டு, மறுமுனையை வாயால் ஒரு இழு இழுத்து, தண்ணீர் வருகிற சமயத்தில் சட்டென்று வாளிக்குள் விட வேண்டும். அந்தச் சமயம் தப்பினால் வாய் நிறைய நீலம்தான். கல்யாணமான புதிதில் அவன் இழுத்துப் பார்த்தான். விழுங்கிவிட்டு மூன்று நாள் வாந்தி எடுத்தான். அன்றிலிருந்து டியூப் வேலை அவளுடையதாகிவிட்டது. பன்னிரண்டு வருஷமாக அவள்தான் இழுத்தாள். உதடும் நாக்கும் எப்போது பார்த்தாலும் பேனா கடித்த பிள்ளையுடையது போலவே இருக்கும்.

“உன்னைக் கட்டிக்கிட்டதுல ஒரு லாபம், உன் உதட்டோட சொந்தக் கலர் என்னன்னே எனக்கு மறந்துபோச்சு” என்பான் அவன்.

“நல்லதாப் போச்சு. மறந்தா அழகா இருந்ததா நெனச்சுக்குவீங்கல்ல” என்பாள் அவள்.

எங்காவது விசேஷத்துக்குப் போவதாக இருந்தால் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். விட்டமின் சி மாத்திரையை நாலைந்து எடுத்து, அதன்மேல் பாட்டிலை உருட்டி நொறுக்கி, தண்ணீரில் கரைத்துத் துணியால் தேய்த்தால் நீலம் கண்ணெதிரே வெளுத்துப் போகும். சுண்டெலிக்கு அது ஒரு வேடிக்கை. சுண்டெலி என்பது அவர்களுடைய ஒரே மகள், ஆறாம் வகுப்பு. எதையும் மோப்பம் பிடித்துவிடுகிற மூக்கும் கண்ணும் இருந்ததால் அவன் வைத்த பெயர்.

*

அவன் மனைவிக்கு முழங்கையிலும் முழங்காலிலும் பொடிப்பொடியாகக் கொப்புளம் வந்து அரிப்பெடுக்க ஆரம்பித்தது போன வருஷம். சும்மா அரிப்பு இல்லை. சீப்பை எடுத்துச் சொறிகிற அரிப்பு. தோல் டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். தினம் ஒன்று, மாசம் ஒருமுறை ரத்தப் பரிசோதனை, இரண்டையும் விடக்கூடாது என்று சொன்னார். மாத்திரை நன்றாகவே கேட்டது. ஒரே வாரத்தில் அரிப்பு அடங்கியது. அவள் டாக்டரைக் கையெடுத்துக் கும்பிடாத குறை.

பிறகு அந்தப் பெரிய ஆர்டர் வந்தது. ஒரே ஆள் இரண்டாயிரம் குஞ்சு கேட்டார். தலைக்கு மேல் வேலை. இருபது தொட்டியில் ஒரே சமயத்தில் முட்டை. விடிந்ததிலிருந்து முழங்கை வரை தண்ணீரிலேயே ஊறிக் கிடந்ததால் அரிப்பு மறுபடியும் எட்டிப் பார்த்தது. பரிசோதனைக்குப் போக நேரமில்லை. அடுத்த மாசம் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். அடுத்த மாசமும் அப்படியே போயிற்று. மாத்திரையை மட்டும் விடவில்லை. ஒன்றை இரண்டாக்கினாள்.

இந்த இடத்தில் அவளை மட்டும் குற்றம் சொல்லிப் பிரயோஜனமில்லை. மீன் வளர்க்கிறவர்களுடைய புத்தி அது. பூஞ்சை அடங்கவில்லையா, இரண்டு சொட்டு கூட விடு. இன்னும் அடங்கவில்லையா, இன்னும் இரண்டு சொட்டு. டாக்டரைக் கூப்பிட்டா மீனுக்கு மருந்து ஊற்றுகிறோம்? நாள்பூராவும் அந்தக் கணக்கிலேயே வாழ்கிற இரண்டு பேர் தங்களுக்கும் அதையே செய்துகொண்டார்கள். அவன்தான் பழைய சீட்டைக் காட்டி மாத்திரை வாங்கிக்கொண்டு வந்தான். “ரெண்டு போதாதுன்னா மூணு போடேன், வேலை முடியற வரைக்கும்” என்று சொன்னதும் அவன்தான். மூன்று நான்காயிற்று. அரிப்பு போயே போய்விட்டது.

அதற்குப் பதிலாக வேறு ஒன்று வந்தது. வாளியைத் தூக்கிக்கொண்டு நாலு எட்டு நடந்தால் அவளுக்கு மூச்சு வாங்கியது. தலைவலி என்றாள். தூங்கி எழுந்தாலும் களைப்பு என்றாள். ஆர்டர் முடிந்ததும் இரண்டு நாள் படுத்துத் தூங்கினால் சரியாகிவிடும் என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள்.

ஒரு சாயங்காலம் சுண்டெலி கொட்டகைக்கு வந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“அப்பா, அம்மா காது ஏன் நீலமா இருக்கு?”

“கையால தொட்டிருப்பா.”

“இல்லப்பா. தலை பின்னும்போது பாத்தேன். ரெண்டு காதும். துடைச்சும் பாத்தேன், போகல.”

அவனுக்குக் கைநிறைய வேலை. சட்டென்று வாயில் வந்ததைச் சொன்னான்: “உங்க அம்மா இப்பல்லாம் காதாலயும் டியூப் உறிஞ்சுறா போல!” சொல்லிவிட்டு அவனே விழுந்து விழுந்து சிரித்தான். சுண்டெலிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. காதில் டியூபை வைத்து இழுக்கிற மாதிரி நடித்துக்கொண்டே உள்ளே ஓடினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவியின் அக்கா மகனுக்குக் கல்யாணம். காலையில் முட்டைப் பலகை ஒன்றைத் தொட்டியில் வைத்து நீலம் விட்டுவிட்டு, வழக்கம்போல விட்டமின் சி மாத்திரையை நொறுக்கிக் கரைத்து மூன்று பேரும் கையை நனைத்தார்கள். அவன் கை ஐந்து நிமிஷத்தில் வெளுத்துவிட்டது. அவள் கையில் மேல்தோல் வெளுத்தது. நகம் வெளுக்கவில்லை. உதட்டைத் தேய்த்தாள், தேய்த்தாள், அது கருநீலமாகவே இருந்தது. பாத்திரத்தில் இன்னும் நாலு மாத்திரையைப் போட்டாள். அப்போதும் போகவில்லை.

“பழைய சாயம், ஊறிப்போச்சு” என்றான் அவன். “பன்னெண்டு வருஷத்துச் சரக்கு, அஞ்சு நிமிஷத்துல போயிருமா?”

“அக்கா பாத்தா கேவலமாப் பேசுவாங்க” என்று சொல்லி, அவள் எப்போதோ வாங்கி வைத்திருந்த சிவப்பு லிப்ஸ்டிக்கைத் தேடி எடுத்து உதட்டில் பூசிக்கொண்டாள். பழக்கமில்லாத கை. கோணல்மாணலாக இருந்தது. அவன் கைக்குட்டையால் ஓரத்தைத் துடைத்துச் சரி செய்தான். அவள் அவ்வளவு அழகாக இருந்தாள் என்று அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. “சினிமாவுக்குக் கூப்பிட்டுட்டுப் போயிடுவாங்க, ஜாக்கிரதை” என்றான்.

கல்யாணத்தில் அவள் பாதிநேரம் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

*

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, டியூபை வாயில் வைத்தபடி அவள் தொட்டிகளுக்கு நடுவில் சரிந்து விழுந்தாள். கொட்டகைத் தரையெல்லாம் நீலத் தண்ணீர். அவன் வாரித் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினான். பக்கத்துப் பட்டறைக்காரர் தன் வண்டியில் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரியில் விட்டார்.

அவசரப் பிரிவில் ஒரு சின்ன டாக்டர் இருந்தான். கண்ணில் தூக்கம், ஆனால் நல்ல பையன், வேகமாகத்தான் வேலை செய்தான். அவள் முகத்தைப் பார்த்ததும், “உதடெல்லாம் இப்படி நீலம் பாரிச்சிருக்கே, எப்பலேர்ந்து?” என்று கேட்டான்.

“அது சாயம்தான் டாக்டர்” என்றான் கலர். “நாங்க மீன் பண்ணை வெச்சிருக்கோம். டியூபை வாயால உறிஞ்சுவா. பன்னெண்டு வருஷமா இப்படித்தான். இங்க பாருங்க.” தன் இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். காலையில் முட்டைத் தொட்டியில் விட்ட நீலம் உள்ளங்கையெல்லாம் அப்பியிருந்தது. சாட்சி என்றால் அதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்?

நர்ஸ் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து அவள் உதட்டைத் துடைத்தாள். பஞ்சு நீலமானது. “ஆமா டாக்டர், வருது” என்றாள். காலையில்தானே டியூப் இழுத்திருக்கிறாள், வராமல் என்ன செய்யும்?

விரலில் மாட்டி ஆக்ஸிஜன் அளக்கிற கருவி, தொண்ணூற்றைந்துக்கு மேல் காட்ட வேண்டியது, எண்பத்தைந்து என்று காட்டியது. முகமூடி போட்டு ஆக்ஸிஜன் வைத்தார்கள். அரைமணி கழித்தும் எண்பத்தைந்து. சின்ன டாக்டர் விரலைப் பார்த்தான், கருவியைப் பார்த்தான். “நகத்துல சாயம் இருந்தா மெஷின் தப்பாக் காட்டும்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். “அதான் டாக்டர், ரொம்ப ஊறிப்போன சாயம்” என்று அவன் எடுத்துக் கொடுத்தான். நெஞ்சில் படம் எடுத்தார்கள். இதயத் துடிப்பை வரைந்து பார்த்தார்கள். நுரையீரல் சுத்தம். சின்ன டாக்டர் பெரிய டாக்டருக்குப் போன் செய்தான். அவர் வேறு ஒரு வார்டில் இருந்தார். அவள் நடுவில் கண்ணைத் திறந்து, “மூச்சு பத்தலங்க” என்றாள். மறுபடியும் மூடிக்கொண்டாள்.

பெரிய டாக்டர் வந்தபோது மணி பன்னிரண்டு. ஐம்பது வயது இருக்கும், மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டிருந்த பெண்மணி. அவன் ஓடிப்போய், “டாக்டரம்மா, அது சாயம்” என்று ஆரம்பித்தான். அவர் கேட்டுக்கொண்டே அவள் முடியை ஒதுக்கிக் காதைப் பார்த்தார்.

“காதெல்லாம் நீலமா இருக்கே. காதாலயுமா குழாயை உறிஞ்சுவாங்க?”

காட்ட நீட்டியிருந்த நீலக் கையை அவன் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

அவர் ஊசியால் கொஞ்சம் ரத்தம் எடுத்து ஒரு சொட்டை வெள்ளைத் துணியில் விட்டார். பக்கத்தில் நர்ஸின் விரலைக் குத்தி அவளுடைய ரத்தத்திலும் ஒரு சொட்டு விட்டார். நர்ஸுடையது சிவப்பு. அவன் மனைவியுடையது காபித் தூள் நிறம். துணியை ஆட்டி ஆட்டிக் காற்றில் காட்டினார். சிவக்கவேயில்லை.

“என்ன மாத்திரை சாப்பிடுறாங்க?”

அவன் சொன்னான். எத்தனை என்று கேட்டார். ஒன்று என்று சொல்ல வாயெடுத்தவன், “நாலு” என்றான்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பக்கத்தில் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். “உங்க மனைவிக்கு ரத்தம் ஓடுது. ஆனா அது காத்தைத் தூக்கிட்டுப் போகல. அந்த மாத்திரை அளவுக்கு மேல போனா ரத்தத்தை அப்படி ஆக்கிரும். டாப்சோன்னு பேரு. கந்தகம் இருக்கற மருந்து. நல்ல மருந்துதான், ஒண்ணு சாப்பிட்டா.”

“இதுக்கு மாத்து மருந்து இருக்கா டாக்டரம்மா?”

“இருக்கு. கைமேல பலன் குடுக்கற மருந்து. நரம்புல ஏத்தணும். மெத்திலீன் ப்ளூ.”

அவன் அவர் முகத்தையே பார்த்தான். கிண்டல் செய்கிறாரோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஊரில் இருக்கிற எல்லோரையும் கிண்டல் செய்தவனுக்கு வேறு என்ன தோன்றும்?

சின்ன டாக்டர் மருந்து அறைக்கு ஓடிவிட்டுத் திரும்பி வந்தான். இருந்தது தீர்ந்துவிட்டதாம். ஊரின் மறுகோடியில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறதாம். ஆம்புலன்ஸை அனுப்பியிருக்கிறார்களாம்.

“எங்க வீட்ல இருக்கு டாக்டரம்மா!” அவன் கிட்டத்தட்டக் கத்தினான். “நாலு பாட்டில் இருக்கு. பத்து நிமிஷத்துல கொண்டுவந்துருவேன். உடைக்காத பாட்டிலே ரெண்டு இருக்கு.”

“அது வேற.”

“அதேதான் டாக்டரம்மா. மெத்திலீன் ப்ளூன்னுதான் எழுதியிருக்கு. மூணு வளையம், நடுவுல கந்தகம். அதேதான்.”

“பேரு அதேதான். ஆனா மீனுக்கு விக்கறதுல ஈயம், ஆர்சனிக்னு கண்டதும் கலந்திருக்கும். ரத்தத்துல ஏத்தினா அதுவே கொன்னுரும். உங்களுக்குப் புரியுதா? என் கையால அதைச் செய்ய முடியாது.” அவன் தோளில் கையை வைத்தார். “வந்துரும். உக்காருங்க.”

அவன் உட்காரவில்லை. ஒன்றரை மணி நேரம் அந்தக் கட்டிலின் காலடியில் நின்றான். வாளி வாளியாக அதை மீனுக்கு ஊற்றியவன். கதவுப் பிடியிலும் குவளையிலும் மகள் நோட்டிலும் அதைப் பூசிவைத்தவன். தன் கை முழுக்க அதுவே அப்பிக்கிடக்க, பொண்டாட்டிக்குக் கொடுக்க ஒரு சொட்டு இல்லாமல் நின்றான். அதுவாவது விதி என்று விட்டுவிடலாம். காலையில் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அந்தச் சின்ன டாக்டர் தானாகவே ரத்தத்தைப் பார்த்திருப்பான். அதை யார் தலையில் போடுவது?

*

இரண்டு மணிக்கு மருந்து வந்தது. ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி, அவ்வளவுதான். பெரிய டாக்டர் தானே உட்கார்ந்து மெதுவாக ஏற்றினார். ஊசிக்குள் நின்ற நீலத்தை அவன் எங்கே பார்த்தாலும் அடையாளம் கண்டுபிடிப்பான்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு நகத்தின் அடியில் ஒரு வெளுப்பு. பிறகு காது. முக்கால் மணி நேரத்தில் உதடு சிவந்துவிட்டது. லேசான, மாதுளை முத்தின் சிவப்பு. கீழுதட்டின் நடுவில் ஒரு சின்னக் கோடு இருந்தது. தங்கள் கல்யாணத்தன்று பார்த்தது அவனுக்கு ஞாபகம் வந்தது. பன்னிரண்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்துவிட்டு, பொண்டாட்டியின் உதட்டை ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் மறுபடியும் பார்த்தான்.

அவள் கண்ணைத் திறந்தாள்.

“எங்க இருக்கேன்?”

“ஆஸ்பத்திரில. ஒண்ணும் இல்ல, எல்லாம் சரியாயிருச்சு.” அவன் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தான். “உன் உதடு சிவப்பா இருக்குடி.”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “நேத்துப் பூசினது இன்னும் போகலையா?” என்றாள்.

அவன் சிரித்தான், அழுதான், எது எது என்று அவனுக்கே தெரியவில்லை. அவள் அப்புறம் கேட்டது முட்டையைப் பற்றி. ஞாயிற்றுக்கிழமை வைத்த பலகையில் வெள்ளையாகிப்போன முட்டையை எடுத்துவிட்டீர்களா, எடுக்காவிட்டால் பக்கத்து முட்டைக்கும் பூஞ்சை பரவும் என்றாள். எடுக்கிறேன் என்றான்.

நாலு மணிக்கு அக்கா சுண்டெலியைக் கூட்டிக்கொண்டு வந்தார். சுண்டெலி கட்டிலருகில் வந்ததும் முதலில் அம்மாவின் முடியை ஒதுக்கிக் காதைத்தான் பார்த்தாள். “போயிடுச்சு” என்றாள். அம்மா கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் சொன்னாள். கட்டிலுக்குக் கீழே தொங்கிய பையில் மனைவியின் சிறுநீர் பச்சையும் நீலமுமாக இறங்கிக்கொண்டிருந்தது. “மருந்து வெளியே வருது, பயப்படாதீங்க” என்றாள் நர்ஸ். இரண்டு சொட்டு விட்ட தொட்டி மாதிரி இருக்கிறது என்று அவனுக்குத் தோன்றியது. முதல்முறையாக அவன் தோன்றியதைச் சொல்லவில்லை.

மறுநாள் விடிந்தபோது அவள் நகம் மறுபடியும் நீலமாக இருந்தது. மாத்திரை உடம்பில் நாள்கணக்கில் தங்கி ரத்தத்தைக் கெடுத்துக்கொண்டே இருக்குமாம். மறுபடியும் மருந்து ஏற்றினார்கள். இந்தமுறை இதயம் ஒத்துழைக்கவில்லை. வாரக்கணக்கில் காற்றில்லாத ரத்தத்தை அடித்து அடித்து ஓய்ந்துபோயிருந்தது. காலை பத்து மணிக்கு நின்றுவிட்டது.

பெரிய டாக்டர் அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அவன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

“நான் சாயம்னு சொல்லாம இருந்திருந்தா?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அதைக் கேக்காதீங்க” என்றார்.

அதுவே பதில் என்று அவனுக்குப் புரிந்தது.

*

சுண்டெலி அழவில்லை. பேசவும் இல்லை. பெரியம்மா ஊட்டினால் சாப்பிட்டாள், படு என்றால் படுத்தாள். அப்பா அறைக்குள் வந்தால் எழுந்து வெளியே போனாள். அவன் அவளிடம் என்னென்னவோ சொல்ல நினைத்தான். நாலு பேர் நடுவில் வாய் ஓயாமல் பேசுகிறவனுக்குப் பதினொரு வயதுப் பிள்ளையிடம் ஒரு வாக்கியம் வரவில்லை. அந்த வாக்கியம் எது என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் வரவில்லை.

கொட்டகையைப் பட்டறைக்காரர்தான் காற்றுக் குழாய் நிற்காமல் பார்த்துக்கொண்டார். ஒன்பதாம் நாள் அவன் உள்ளே போனான். ஆர்டர் கொடுத்தவர் வேறு இடம் பார்த்துக்கொண்டார். நிறையத் தொட்டிகளில் எல்லாம் செத்து மிதந்தது. அவள் ஞாயிற்றுக்கிழமை காலையில் கல்யாணத்துக்குக் கிளம்புவதற்கு முன் வைத்த பலகைத் தொட்டியில் மட்டும் குஞ்சுகள் பொரித்து நீந்திக்கொண்டிருந்தன. இருநூறு முந்நூறு இருக்கும். வெள்ளை முட்டையை அவன் எடுக்கவேயில்லை. எப்படியோ பிழைத்துக்கொண்டன. அந்த நீலத் தண்ணீரை இன்று மாற்றாவிட்டால் இவையும் போய்விடும்.

டியூப் அவள் விட்ட இடத்திலேயே தரையில் கிடந்தது. எடுத்துக் கழுவினான். ஒரு முனையைத் தொட்டியில் விட்டு மறுமுனையை வாயில் வைத்தான். முதல் இழுப்பில் வரவில்லை. இரண்டாவதிலும் வரவில்லை. மூன்றாவதில் வாய் நிறைய வந்தது. துப்பினான், இருமினான், டியூபை வாளிக்குள் போட்டுவிட்டுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். பன்னிரண்டு வருஷம் இந்தக் கசப்பு அவள் வாயில் இருந்திருக்கிறது. ஒருநாள்கூடக் கசக்கிறது என்று சொன்னதில்லை.

திரும்பிப் பார்த்தால் வாசலில் சுண்டெலி.

அவள் அவன் வாயையே பார்த்தாள். முகம் வெளுத்துப்போயிற்று. திரும்பி வீட்டுக்குள் ஓடினாள். போகட்டும் என்று அவன் நினைத்தான். உள்ளே பாட்டில் உருளுகிற சத்தம் கேட்டது.

கிண்ணத்தோடும் துணியோடும் திரும்பி வந்தாள். ஓடி வந்ததில் பாதி சிந்தியிருந்தது.

“குனிப்பா.”

குனிந்தான். துணியை நனைத்து உதட்டைத் தேய்த்தாள். வலிக்க வலிக்கத் தேய்த்தாள். மேலுதடு, கீழுதடு, நாக்கை நீட்டச் சொல்லி அதையும். அவன் தாடையைப் பிடித்து வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். மறுபடி நனைத்து மறுபடி தேய்த்தாள். நீலம் போய்விட்டது. அவளுக்கு அது போதவில்லை.

“காதைக் காட்டு.”

தலையைச் சாய்த்துக் காட்டினான். அவள் இரண்டு விரலால் காது மடலைப் பிடித்துத் தேய்த்தாள், பார்த்தாள். அந்தப் பக்கம் திரும்பச் சொல்லி மற்றக் காதையும் பார்த்தாள். அவள் மூச்சு அவன் கழுத்தில் பட்டது.

“நீ அன்னிக்குச் சொன்னே” என்றான் அவன். “நீ சரியாத்தான் சொன்னே. நான்தான் சிரிச்சேன்.”

விரல் ஒரு கணம் நின்றது. பிறகு, ஒரு கறையும் இல்லாத அந்தக் காதைத் துணியால் மறுபடியும் தேய்க்க ஆரம்பித்தாள். தேய்த்துக்கொண்டே தேம்பினாள். ஒன்பது நாளாக வராதது எல்லாம் ஒரேயடியாக வந்தது. அவன் அசையாமல் குனிந்தே நின்றான். வாளி நிரம்பி நீலம் தரையில் வழிந்து இரண்டு பேர் காலையும் நனைத்தது.

“தினமும் காட்டணும்” என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. “நான் ஸ்கூலுக்குப் போறதுக்கு முன்னாடி.”

“காட்டறேன்.”

“ரெண்டு காதும்.”

“ரெண்டும்.”

“நான் பாக்கும்போது சிரிக்கக் கூடாது.”

“சிரிக்க மாட்டேன்மா” என்றான் அவன்.